நொச்சியும் பெண் குதிரையின் மூன்று வாரக் கோபமும்

கேள்வி: அந்தியூர் சந்தையில் வாங்கிய 6 வயது மார்வாரி பெண் குதிரை வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சில நாள் கிட்டவே விடுவதில்லை. கனைக்கிறது, வாலைத் தூக்கி அடிக்கடி சிறுநீர் விடுகிறது, சேணம் போட்டால் உதைக்க வருகிறது. வெளிநாட்டில் இதற்கு 'வைடெக்ஸ்' பொடி கொடுக்கிறார்களாம். அது நம் ஊர் நொச்சிதான் என்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: நொச்சி வேண்டாம். நண்பர் சொன்னதில் பாதி சரி. இரண்டும் ஒரே பேரினம்தான். ஆனால் அங்கே கொடுப்பது மத்தியதரைக்கடல் பக்கத்து வைடெக்ஸ் ஆக்னஸ்-காஸ்டஸ் செடியின் காய்ந்த பழம். உங்கள் வேலியில் நிற்பது வைடெக்ஸ் நெகுண்டோ. பங்காளி என்பதற்காக ஒருவருக்குப் பதில் இன்னொருவரை வேலைக்கு அனுப்ப முடியாது.

சரி, அசல் பொடியே கிடைத்தால்? அது மூளையடிச் சுரப்பியில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் போல வேலை செய்து, பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோனைக் குறைக்கும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். குதிரைக்குச் சினைப்பருவக் குணம் வருவதோ ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால். சுமார் 21 நாள் சுழற்சியில் 5 முதல் 7 நாள் அது ஓங்கியிருக்கும். கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும், குதிரையும் அமைதியாகிவிடும். அதாவது, பொடி பிடித்து இழுக்கும் கயிறு வேறு, உங்கள் குதிரையைக் கட்டியிருக்கும் கயிறு வேறு. சிலர் பலன் தெரிந்தது என்கிறார்கள். ஆனால் பொடி கொடுக்காவிட்டாலும் அடுத்த வாரம் குதிரை தானாகவே சாதுவாகியிருக்குமே!

அதனால் முதலில் ஒரு நோட்டு போடுங்கள். வால் தூக்கிய நாள், உதைத்த நாள், எந்த வேலையின்போது உதைத்தது என்று இரண்டு மூன்று சுழற்சிக்கு எழுதுங்கள். நம் ஊரில் பகல் நீளம் பெரிதாக மாறாததால் பல குதிரைகள் ஆண்டு முழுக்கப் பருவத்துக்கு வரும், பதிவு செய்வது சுலபம். வார் இறுக்கும்போது மட்டும், தேதி பாராமல் உதைத்தால் சந்தேகப்பட வேண்டியது வயிற்றுப்புண், முதுகு வலி, பொருந்தாத சேணம். ஆண் குதிரை மாதிரி மற்றவற்றின் மேல் ஏறப் பார்த்தால் சூலகக் கட்டி இருக்கலாம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும்.

நோட்டில் மூன்று வாரக் கணக்கு தெளிவாக வந்து, சமாளிக்கவும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் அல்ட்ரினோஜெஸ்ட் பற்றிக் கேளுங்கள். புரோஜெஸ்டிரோனைப் போல வேலை செய்து பருவத்தையே நிறுத்தி வைக்கும் மருந்து அது. தோல் வழியாக உடம்பில் ஏறிவிடும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது, மற்றவர்களுக்கும் கையுறை கட்டாயம்.

மூலிகைப் பொடி வாங்கியே தீருவது என்றால் சினைக்கு விடும் குதிரைக்கும் சினைக் குதிரைக்கும் கொடுக்காதீர்கள். நொச்சி வேலியிலேயே நிற்கட்டும். கொசுவுக்குப் புகை போடுவதாக இருந்தாலும் குதிரையை வெளியே கட்டிவிட்டுப் போடுங்கள், அதன் நுரையீரலுக்குப் புகை ஆகாது.