பெட்டிக்கு முன்னால் ஐந்து: கியூபா சுருட்டு கேள்வி பதில்

கப்பலில் எனக்கு ஸ்டூவர்ட் வேலை. 27 வருஷம் பாண்டட் ஸ்டோர், அதாவது வரியில்லாச் சாமான் அறையின் சாவி என் இடுப்பில் தொங்கியது. சிகரெட், சரக்கு, சுருட்டு எல்லாம் அதற்குள்தான். எந்த ஆபீசருக்கு எது பிடிக்கும், எந்தப் பெட்டி மூலையில் கிடந்து வீணாகும் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. இப்போது ராயபுரத்தில் கரை ஒதுங்கியாயிற்று. கியூபா சுருட்டைப் பெட்டியாக வாங்கலாமா என்று ஒருவர் கேட்கப் போக, அதைத் தொட்டு ஆளாளுக்குக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். 18 வயது ஆகாதவர்கள் இத்தோடு நகர்ந்துவிடவும்.

ரமேஷ், புது வண்ணாரப்பேட்டை: அண்ணே, மச்சான் அடுத்த மாசம் துபாய்லேர்ந்து வர்றான். மான்டெகிறிஸ்டோ நம்பர் 4, 25 இருக்கிற பெட்டி ஒண்ணு வாங்கியாரச் சொல்லட்டுமா? இதுவரைக்கும் ரெண்டு சுருட்டு பிடிச்சிருக்கேன்.

வேண்டாம் தம்பி. ரெண்டு பிடித்தவருக்குத் தன் நாக்கே இன்னும் பிடிபட்டிருக்காது. இந்த வருஷம் மென்மையானது பிடிக்கும், அடுத்த வருஷம் அதையே சப்பென்று இருக்கிறது என்பீர்கள். அப்போது பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். எங்கள் கப்பலில் ஒரு செகண்ட் இன்ஜினியர் ஆசை ஆசையாகக் கொஹிபா என்ற பிராண்டில் ஒரு பெட்டி வாங்கினார். நாலு பிடித்தார். மீதியை எங்களுக்குத் தலைக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுச் சிகரெட்டுக்கே திரும்பிவிட்டார். எங்களுக்கு யோகம்தான்.

நம்பர் 4 ஐந்து உள்ள அட்டைப்பெட்டியாகவும் வரும். அது ஒன்று, கூடவே வேறு இரண்டு வகையில் மூன்று மூன்று, மொத்தம் 11. மச்சானிடம் அவ்வளவு சொன்னால் போதும். 2016 பேக்கேஜ் விதிகள் ஒருவருக்கு வரியில்லாமல் அனுமதித்தது 25 சுருட்டு, அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை. அந்த 'அல்லது'வை மட்டும் அவருக்கு இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். மூன்றையும் சேர்த்துத் தூக்கி வந்து கவுண்டரில் தலையைச் சொறிந்தவர்கள் நிறைய.

கலை, தண்டையார்பேட்டை: ஒண்ணு பிடிச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிடாதா? பிரியாணி ஒரு வாய் வெச்சா தெரியுதே.

பிரியாணி ஒரே அண்டாவில் வெந்தது. சுருட்டு அப்படி இல்லை, ஒவ்வொன்றும் தனியாகக் கையால் சுருட்டியது. உள்ளே வைக்கும் இலையை ஒரு இடத்தில் கொஞ்சம் இறுக்கிவிட்டால் போதும், இழுப்பு அடைத்துக்கொள்ளும். தளர்த்திவிட்டால் மளமளவென்று எரிந்து நாக்கைச் சுடும். உங்கள் கைக்கு வந்த அந்த ஒன்று எந்த ரகம் என்று எப்படித் தெரியும்?

அதற்குத்தான் ஐந்து. சுருட்டு வெளியூரிலிருந்து வந்த உடனே பிடிக்கக் கூடாது. விமானம், வெயில், சூட்கேஸ் என்று அலைந்து வந்திருக்கும். இரண்டு வாரமாவது காற்றுப் புகாத டப்பாவில் தூங்கட்டும். முதலாவதை மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, பக்கத்தில் வெறும் தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு பிடியுங்கள். காபி, ரம் எதுவும் வேண்டாம், அதெல்லாம் ருசியை மறைத்துவிடும். இரண்டாவது ஒரு மாதம் கழித்து, அதே நேரத்தில். மூன்றாவது இன்னும் இரண்டு மாதம் கழித்து ராத்திரியில். மீதி இரண்டை ஆறு மாதம் தொடாதீர்கள். அப்புறம் ஒன்றைப் பிடித்துவிட்டு, இன்னொன்றின் மேல் கை தானாகப் போகிறதா பாருங்கள். போனால் பெட்டி வாங்கலாம்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஹவானாவுக்கு நான் போனது இரண்டே தடவை. கியூபாவில் சரக்குக்காக நின்ற கப்பல் அடுத்த 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்க முடியாது. அதனால் கம்பெனிகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. முதல் தடவை பார்த்தகாஸ் சீரீஸ் டி நம்பர் 4 நாலு வாங்கினேன். அன்றைக்கு ராத்திரியே டெக்கில், காற்றில், ஒன்றைப் பற்றவைத்தேன். மிளகாய் வறுத்த சட்டி மாதிரி நெடி. 'இதற்கா இந்தப் பேர்' என்று மீதி மூன்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். எட்டு மாதம் கழித்து சிங்கப்பூரில் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தபோது வேறு எதுவும் கையில் இல்லாமல் எடுத்தேன். அதே சுருட்டுதானா என்று பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காரம் அப்படியே இருந்தது, நெடி மட்டும் போயிருந்தது. அடியில் மரவாடிக்குள் நுழைந்தால் வருமே, அறுத்த மரத்தூள் வாசனை, அது. அதற்கு மேல் காபிக்கொட்டை வறுக்கிற வாசனை. முதல் ஒன்றை வைத்து முடிவு கட்டியிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

ஜோசப், காசிமேடு: அந்த நெடி எதனால வருது? பழசு வாங்கினா நல்லதா?

புகையிலையைக் குவித்துப் புளிக்க வைக்கும்போது அமோனியா வரும். புதுசாகச் சுருட்டியதில் அதன் மிச்சம் இருக்கும், நாள் ஆக ஆகப் போய்விடும். பெட்டியின் அடியைத் திருப்பினால் ஆலைக் குறியீட்டோடு மாதமும் வருஷமும் முத்திரையாக இருக்கும். மாதம் ஸ்பானிய மொழியில்: ஜனவரிக்கு ENE என்பதை 'எனே' என்று படியுங்கள், ஏப்ரல் 'அபர்', ஆகஸ்ட் 'ஆகோ', டிசம்பர் 'டிக்'. நான் ஒரு வருஷமாவது ஆனதைத்தான் தேடுவேன். பத்து வருஷம் ஆனதற்குக் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன். யார் வீட்டில், எந்த வெயிலில் இருந்ததோ.

ஃபாரூக், மண்ணடி: பாய், ஆரம்பிக்கிறவனுக்கு எந்த மூணு?

என் கணக்கு இது. மென்மைக்கு ஹோயோ தெ மான்தெர்ரேய் எபிக்யூர் நம்பர் 2. நடுவில் மான்டெகிறிஸ்டோ நம்பர் 4. காரத்துக்கு பார்த்தகாஸ் டி 4. இந்த மூன்றில் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு அந்தத் திசையில் போங்கள். நேரம் இல்லாதவருக்கு ஹெச். உப்மன் ஹாஃப் கரோனா. 90 மில்லிமீட்டர்தான், ஐந்து உள்ள தகர டப்பாவிலும் வரும்.

கொஹிபாவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். 2022-ல் கொஹிபா, டிரினிடாட் என்ற இரண்டு பிராண்டுக்கும் உலகம் முழுக்க விலையை ஏற்றிவிட்டார்கள். பேருக்காகக் கொடுக்கிற காசு அதில் அதிகம். நாக்கு பழகின பிறகு ஒன்றே ஒன்று வாங்கிப் பாருங்கள்.

விக்னேஷ், வியாசர்பாடி: அதே பிராண்டில் சின்ன சைஸ் வாங்கிப் பார்த்துட்டு, பெரிய சைஸ் பெட்டி வாங்கினா மிச்சம்தானே?

யோசனை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் ஏமாற்றும். தடிமனை ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி அளப்பார்கள். 42 என்றால் 16.7 மில்லிமீட்டர், 50 என்றால் 19.8. மெலிதில் உள்ளே வைக்கும் இலைக்கு இடம் குறைவு, மேலே சுற்றிய இலையின் ருசி தூக்கலாகத் தெரியும். தடித்ததில் காரமான இலை சேர்க்க இடம் உண்டு, புகையும் குளுமையாக வரும். எந்த அளவில் பெட்டி வாங்கப் போகிறீர்களோ அதே அளவில் ருசி பாருங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், ஜார்ஜ் டவுன்: பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில கொஹிபா ஒண்ணு 300 ரூபான்னு கொடுக்கறாங்க. சாம்பிளுக்கு அது போதாதா தல?

வெளிநாட்டிலேயே கொஹிபாவில் ரொபுஸ்தோ என்ற சைஸ் ஒன்று பல ஆயிரம் ரூபாய். 300-க்குக் கிடைப்பது வேறு எதுவாகவும் இருக்கலாம், கொஹிபாவாக மட்டும் இருக்காது. போலியை ருசி பார்த்து அசலைப் பற்றி முடிவு செய்வது இன்னும் மோசம்.

தனியாக ஒன்று வாங்கினால் அது வந்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பச்சை நிற உத்தரவாதச் சீட்டு முன்பக்கம் இடதில் ஒட்டியிருக்க வேண்டும், மூலையில் 'ஹபானோஸ்' என்று எழுதிய பட்டை. அடியில் 'கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால்' என்ற ஸ்பானிய வாசகம் சூட்டு முத்திரையாக இருக்க வேண்டும். மை ரப்பர் ஸ்டாம்ப் என்றால் சந்தேகப்படுங்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், போலி. நம் நாட்டில் முறையாக இறக்குமதியானதில் படத்தோடு சுகாதார எச்சரிக்கையும் இருக்கும். பெட்டிக்குள் நிறம் இடமிருந்து வலமாகக் கருமையிலிருந்து வெளுப்புக்குப் போகும்படி அடுக்கியிருப்பார்கள். போலி செய்கிறவருக்கு அந்தப் பொறுமை வராது.

நானும் ஏமாந்தவன்தான். ஹவானா தெருவில் ஒருத்தன், தன் அக்கா ஆலையில் வேலை செய்கிறாள், கூட்டுறவில் இன்றைக்கு மட்டும் பாதி விலை என்றான். அந்த ஊரில் இது தினசரி நடக்கிற நாடகம் என்று பிறகுதான் தெரிந்தது. கப்பலுக்கு வந்து பிளேடால் நீளவாக்கில் அறுத்தால் உள்ளே பொடிப்பொடியாகத் தூள், ஒரு காம்பு, ஒரு நூல். அசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முழு இலை மடித்து மடித்துப் போயிருக்கும். (ஹோசே எல். பியெத்ரா மாதிரி மலிவு வகையில் அசலிலும் நறுக்கிய இலைதான், அதை வைத்துப் போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள்.)

செல்வி, காலடிப்பேட்டை: வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு வாங்கணும்ணா. அவர் என்ன பிடிப்பார்னே தெரியல.

ரோமியோ இ ஹூலியேத்தா நம்பர் 2, அலுமினியக் குழாயில் ஒவ்வொன்றாக இருப்பது, மூன்று உள்ள பாக்கெட். பார்க்க அழகு, உடையாது. மாதத்துக்கு ஒன்று என்று நீங்களே பூட்டி வைத்துக்கொண்டு கொடுங்கள்மா.

பாலாஜி, எண்ணூர்: எங்க வீட்ல ஏசி கிடையாது. பெட்டியை ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாமா?

பெட்டி வாங்க ஆசைப்படும் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஃப்ரிட்ஜ் ஈரத்தை உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு மேல்தட்டில் வஞ்சிரம் இருந்தால் சுருட்டும் வஞ்சிரம்தான்.

சுருட்டுக்கு வேண்டியது 65-லிருந்து 70 சதவீத ஈரம், 16-லிருந்து 18 டிகிரி சூடு. ஈரத்துக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, அதிகமாகத்தான் இருக்கும். நல்ல ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்று, அதில் 65 என்று போட்ட ஈரக் கட்டுப்பாட்டுப் பாக்கெட் ஒன்று. அது ஈரம் குறைந்தால் விடும், கூடினால் உறிஞ்சும். உள்ளே ஒரு சின்ன ஈரமானி. அதை நம்பும் முன் சோதியுங்கள்: சோடா மூடியில் கல்லுப்பைப் பொடித்துப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர் சொட்டி, மானியோடு ஜிப் பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நாலு குறைச்சல் என்று மூடியில் எழுதிவிடுங்கள்.

சூடுதான் வில்லன். புகையிலை வண்டின் முட்டை இலையிலேயே ஒட்டிக்கொண்டு வரலாம். 25 டிகிரி தாண்டினால் பொரிக்கும். ஒரு நாள் டப்பாவைத் திறக்கிறீர்கள், அடியில் நைசான பழுப்புத் தூள். சுருட்டைத் திருப்பினால் ஊசியால் குத்தினது மாதிரி ஒரு ஓட்டை, அடுத்ததிலும் ஒன்று. எண்ணூரில் மே மாதம் ஏசி இல்லாத அறை என்றால் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும். வந்ததும் ஜிப் பையில் இரட்டையாகப் போட்டு ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு வெளியே. அவசரப்பட்டால் மேலிலை வெடித்துவிடும். இதெல்லாம் செய்தாலும் குளுமையான இடம் இல்லாதவர் 25 வாங்க வேண்டாம். ஐந்தைந்தாக வாங்குங்கள், கோடைக்கு முன்னால் தீர்த்துவிடுங்கள். வெள்ளைப் பொட்டு வந்தால் 'அது பழுத்த அடையாளம்' என்று விற்பவர் சொல்வார். நம் ஊரில் அது பூஞ்சைதான்.

தினேஷ், பெரம்பூர்: புகையை உள்ள இழுக்கறதில்லையே, அப்போ பயமில்லைதானே?

பயம் உண்டு. வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு உள்ளே இழுக்கத் தேவையில்லை. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கக்கூடும். நான் மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் நல்லது என்று சொல்ல வரவில்லை. இதுவரை பிடிக்காதவர் யாராவது இதைப் படித்துவிட்டு ஆரம்பித்தால் எனக்கு வருத்தம்தான். வெறும் வயிற்றில் பிடித்துத் தலை சுற்றினால் உடனே அணைத்துவிட்டு உட்காருங்கள். வீராப்பு வேண்டாம்.

சகாயம், ராயபுரம்: நம்ம உறையூர் சுருட்டு என்ன குறைச்சல்?

ஒரு குறைச்சலும் இல்லை. வெள்ளைக்காரன் 'செரூட்' என்று சொல்லப் பழகியதே நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்துதான். என் தாத்தா அதைத்தான் பிடித்தார், ஐந்து வாங்கிச் சோதித்தெல்லாம் பார்க்கவில்லை.

மணி, திருவொற்றியூர்: நாங்க நாலு பேர். ஐந்து ஐந்தா சோதிச்சுப் பார்த்து எல்லாருக்கும் டி 4-தான் பிடிச்சிருக்கு. சேர்ந்து ஒரு பெட்டி, 25, வாங்கலாமா?

தாராளமாக. இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. யார் வீட்டில் ஏசி ஓடுகிறதோ அவர் வீட்டில் மொத்தமும் இருக்கட்டும். டப்பாவை ஆளாளுக்குத் திறக்காதீர்கள். தலைக்கு ஆறு போக மீதி ஒன்று வரும். ராயபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது.