தென் அமெரிக்காவில் நத்தை மட்டுமே தின்னும் சிறு பாம்பு உண்டாமே? எங்கே, எப்படி வாழ்கிறது?

உண்டு. அதை என் கீரைப் பாத்தியிலேயே பார்த்திருக்கிறேன். வேலைக்காக பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் இரண்டு வருடம் இருந்தபோது நடந்தது.

மழை விட்ட ஓர் இரவு டார்ச்சோடு பின்பக்கம் போனேன். ஒன்றரை அடிகூட இருக்காது. பழுப்பு உடம்பில் கரும் திட்டுகள். வெளிச்சம் பட்டதும் உடம்பைத் தட்டையாக்கி, தலையை முக்கோணமாக விரித்துக்கொண்டது. நான் விளக்குமாற்றைத் தேட, பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "டோர்மிடேய்ராதான், விட்டுடுப்பா" என்றார். தூங்குமூஞ்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் தொந்தரவு செய்தாலும் பெரும்பாலும் கடிக்காது, விஷத்தால் ஆபத்தும் இல்லை.

அறிவியல் பெயர் டிப்சாஸ் மிக்கானி. பிரேசிலின் தென்கிழக்கிலும் மத்தியிலும், செர்ராடோ புல்வெளிக் காடுகளிலும் அட்லாண்டிக் காட்டுப் பகுதிகளிலும் வாழ்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கும் கூச்சமில்லாமல் வரும். பகலில் ஒளிந்திருந்து, இருட்டியபின் தரையில் ஊர்ந்து இரை தேடும். முக்கிய இரை ஓடில்லாத நத்தை. வழவழவென்று பிசுபிசுக்கும் அதைப் பிடிப்பது லேசல்ல. தாடையின் இடது வலது பக்கங்களை மாற்றி மாற்றி நகர்த்தி உள்ளே இழுத்துக்கொள்ளும். இதன் உறவுப் பாம்புகள் சில, கீழ்த்தாடையை நத்தைக் கூட்டுக்குள் நுழைத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும்!

பாவம், அந்த முக்கோணத் தலைதான் அதற்கு வினை. அப்பகுதியில் நிறையப் பேரைக் கடிக்கும் ஜராராக்கா என்ற குழிவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்கள். ஜராராக்காவுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி இருக்கும், இதற்கு இருக்காது. ஆனால் இருட்டில் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் ஒரு வேடிக்கை. இதே பேரினத்தில் அமேசான் காட்டுப் பாம்பு ஒன்றுக்கு டிப்சாஸ் இண்டிகா என்று பெயர். 1768-இல் லாரென்டி என்ற இயற்கையியலாளர் அதை விவரித்தபோது, இலங்கையிலிருந்து வந்தது என்று தவறாகக் குறித்துவிட்டார். இந்தியப் பக்கமே எட்டிப் பார்க்காத பாம்புக்கு அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, என் பாத்திக்கு வருகிறேன். நத்தை மருந்து தூவுவதை மறுநாளே நிறுத்திவிட்டேன். மருந்து தின்ற நத்தையை அது தின்று வைத்தால் என்ன செய்வது? கீரையில் கொஞ்சம் ஓட்டை விழுந்தது, அவ்வளவுதான்.