கல்லைக் கொத்தும் மாண்டரின்

கேள்வி: மகள் பிறந்தநாளுக்காகச் சென்னையில் ஒரு கடையில் மாண்டரின் மீன் வாங்கினேன். நீலமும் ஆரஞ்சும் கலந்து கோலம் போட்ட மாதிரி இருக்கும். கடல் உப்பு, பம்பு, கல் எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். பத்து நாளாகியும் குச்சித் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் போர் தண்ணீர்தான் காரணமா?
- ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: தண்ணீர் கிடக்கட்டும், முதலில் மீனின் வயிற்றைப் பாருங்கள். ஒட்டி உள்வாங்கியிருந்தால் அது பட்டினி.

பட்டுச் சொல்கிறேன். கிருஷ்ணகிரியில் விலங்கியல் வாத்தியாராக இருந்த காலத்தில் நானும் ஒன்றை வாங்கி இரண்டடித் தொட்டியில் விட்டேன். பொழுதுக்கும் கல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும். நன்றாகத் தின்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். ஐந்தாவது வாரம் செத்துவிட்டது. கொத்தியது நிஜம்; அந்தக் கல்லில் தின்ன ஒன்றுமில்லை.

இதன் சொந்த ஊர் மேற்குப் பசிபிக். ஜப்பானின் ரியூக்யூ தீவுகள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ஆஸ்திரேலியா வரை உண்டு. அலை அடங்கிய காயல்களில் உடைந்த பவளச் சில்லுகளுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும். அங்கே ஊரும் கோபிபாட் என்ற, கடுகைவிடச் சின்ன உயிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். உங்கள் பக்கத்துக் காட்டில் பகலெல்லாம் மேயும் வெள்ளாட்டைக் கட்டிப்போட்டு, வேளைக்கு ஒரு பிடி தவிடு வைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான்.

மூன்று அங்குலம்கூட வளராத மீனுக்கு ஆசைப்பட்டதில் தப்பில்லை. மயில் தோகையின் நீலம்கூட வெளிச்சம் சிதறி வருவதுதான். இந்த மீனின் தோலில் இருப்பது அசல் நீலச் சாயம். உயிரினங்களில் இது அபூர்வம். செதில் கிடையாது, உடம்பெல்லாம் நாற்றமடிக்கும் வழவழப்பு. அதனால் வெறுங்கையால் பிடிக்க வேண்டாம்.

போர் தண்ணீரும் ஆகாதுதான். தருமபுரித் தண்ணீரில் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்த விஷயம். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்பு கணக்கில் கலக்குங்கள். ஆனால் அது மட்டும் மீனைக் காப்பாற்றாது. ஒரு வருஷமாவது ஓடி, கல்லில் கோபிபாட் பெருகியிருக்கும் பெரிய பவளத் தொட்டி வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடுங்கள். விற்ற கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அதுவரை ஆர்ட்டீமியா என்ற, உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் வகையைக் குஞ்சு பொரிக்கவைக்கும் வேலையை மகளிடம் விடுங்கள். ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணீர், அதில் காற்றுக் குழாய், ஒரு சிட்டிகை முட்டை போதும். இன்றைக்குச் சாயங்காலம் போட்டால் நாளை ராத்திரிக்குள் ஆரஞ்சுத் தூசி மாதிரி குஞ்சுகள் துள்ளும். நல்ல தண்ணீரில் அலசி, கல்லுக்குப் பக்கத்தில் மெதுவாக விடச் சொல்லுங்கள்.