பொத்தானில் இருந்த எழுத்து எங்கே போயிற்று? மின்னஞ்சல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மெயில் பக்கம் மாறிவிட்டது, பழையது வேண்டும். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த தடவைக்கு ஒதுக்கிவிட்டேன். வேறு பெயர் சொல்லாத இடங்களில், கணினியில் பிரவுசர் வழியாகத் திறக்கும் ஜிமெயிலைத்தான் சொல்கிறேன். செட்டிங்ஸ் என்றால் வலது மேல் மூலையில் உள்ள பல்சக்கரம், அதற்குள் ‘சீ ஆல் செட்டிங்ஸ்’. எதை மாற்றினாலும் பக்கத்தின் அடிவரை இறங்கி ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்துங்கள். “நீங்கள் சொன்னபடி செய்தேன், ஒன்றும் ஆகவில்லை” என்று எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை அழுத்தாதவர்கள்.

ஜிமெயில் திடீரென்று மாறிவிட்டது. பழையபடி கொண்டுவர வழி சொல்லுங்கள். மிக அவசரம். (ஒரு வாசகர், ஈரோடு)

என்ன மாறியது? கணினியிலா, போனிலா? எழுத்து பெரிதானதா, பட்டியல் குலைந்ததா, பொத்தான் காணாமல் போனதா? டாக்டரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்டால் அவர் எதைத் தருவார்? உங்கள் கடிதத்தில் அவசரம் இருக்கிறது, விவரம் இல்லை.

இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு பூஜ்யத்தை அழுத்துங்கள். கண்ட்ரோல் அழுந்தியிருக்கும்போது மவுஸ் சக்கரம் உருண்டு பக்கம் பெருத்துப்போவது தினசரி நடக்கிறது. அது ஜிமெயில் செய்த மாற்றமே அல்ல. அடுத்து, இன்காக்னிடோ ஜன்னலில் லாகின் செய்யுங்கள். அங்கே ஒழுங்காகத் தெரிந்தால் குற்றவாளி உங்கள் பிரவுசரில் குடியிருக்கும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு கூடுதலாக ஒட்டவைத்த குட்டி மென்பொருள். இரண்டிலும் சரியாகவில்லை என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுங்கள். அதில் மற்றவர்களின் மெயில் முகவரிகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

இடது ஓரத்தில் சாட், மீட் என்று ஒரு பட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் மெயில் மட்டும்தான் பார்ப்பேன். (ஒரு வாசகி, காரைக்குடி)

பல்சக்கரத்தை அழுத்தியதும் வரும் சின்னப் பட்டையில் ‘ஆப்ஸ் இன் ஜிமெயில்’ என்ற வரி இருக்கும். அதில் ‘கஸ்டமைஸ்’. சாட், மீட் இரண்டின் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பட்டை போய்விடும். 2022-இல் இந்தத் தோற்றம் வந்தபோது பழையதற்குத் திரும்ப ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அதையும் எடுத்துவிட்டார்கள். டிக்கை எடுப்பது மட்டும்தான் இப்போது நம் கையில்.

மெயில்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொள்கின்றன. தனித்தனியாக வேண்டும். (ஒரு வாசகர், நாகர்கோவில்)

செட்டிங்ஸ், ஜெனரல், ‘கான்வர்சேஷன் வியூ’, ஆஃப். சேவ் சேஞ்சஸ். போன் ஆப்பின் செட்டிங்ஸிலும் இதே பெயரில் ஒரு சுவிட்ச் உண்டு, அங்கேயும் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மேலே இருந்த பொத்தான்களில் எல்லாம் படம்தான் இருக்கிறது. எனக்கு 71 வயது. எது எதற்கு என்று புரியவில்லை. தப்பாக அழுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

அம்மா, தப்பு உங்கள் மேல் இல்லை. முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். செட்டிங்ஸ், ஜெனரல், பாதிக்குக் கீழே ‘பட்டன் லேபிள்ஸ்’. அதில் ‘ஐகான்ஸ்’ என்பதற்குப் பதில் ‘டெக்ஸ்ட்’. அடிவரை போய் சேவ் சேஞ்சஸ். இனி ஆர்க்கைவ், ஸ்பேம், டெலீட் என்று எழுத்தாகவே நிற்கும். அதே பக்கத்தின் உச்சியில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் பொத்தான்களும் தமிழில் வரும். அந்தப் பெயர்களில் சில முதல் வாரம் விநோதமாகத் தெரியும், பழகிவிடும்.

இதைப் பற்றி நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன், இன்னொரு தடவையும் சொல்கிறேன். 2011 இறுதியில் ஜிமெயில் புதுத் தோற்றம் எடுத்தபோது அந்தப் பொத்தான்களில் இருந்த சொற்களை எடுத்துவிட்டுப் படங்களை வைத்தார்கள். இடம் மிச்சமாகும், எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒரே படம் போதும் என்பது கணினித் துறையில் சொல்லப்படும் நியாயம். குப்பைத்தொட்டி படம் யாருக்கும் புரியும், ஒப்புக்கொள்கிறேன். கடிதத்தை அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி வைக்கும் ஆர்க்கைவுக்கு என்ன படம்? ஒரு பெட்டி, அதற்குள் கீழ்நோக்கிய அம்புக்குறி. கணினியைத் தொட்ட எவருக்கும் கீழ்நோக்கிய அம்பு என்றால் டவுன்லோட்தான்.

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் இருக்கிறார். அவர் வைத்திருந்தது ஜிமெயில் அல்ல, வேறொரு சேவை. 40 பக்க நோட்டு ஒன்றில் மெயில் பார்க்கும் முறையைத் தன் கையால் எழுதி வைத்திருந்தார். நீல மையில் வரிசை எண் போட்டு: 1. இன்பாக்ஸ். 2. கடிதத்தின் மேல் ஒரு தட்டு. 3. மேலே ‘டவுன்லோட்’ என்ற சொல்லைத் தட்டு. ஒருநாள் காலை அந்தச் சேவை தோற்றத்தை மாற்றியது. மூன்றாம் வரியில் எழுதியிருந்த சொல் திரையில் எங்கும் இல்லை. அம்புக்குறி போட்ட பெட்டி ஒன்று இருந்தது, அதுதான் என்று நினைத்துத் தட்டினார். ஓய்வூதியக் கடிதம் இன்பாக்ஸிலிருந்து மறைந்தது. இன்னொரு முறை தட்டினார், அடுத்த கடிதமும் போயிற்று. மாலையில் நான் போனபோது கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அந்த நோட்டைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். ‘ஆல் மெயில்’ என்ற இடத்தில் இரண்டு கடிதங்களும் பத்திரமாக இருந்தன. கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அவருக்கு ஒரு பகல் முழுவதும் போயிருந்தது.

சொல்லாக இருந்தால் அதைப் போனில் சொல்லலாம். “அம்மா, மேலே ஆர்க்கைவ்னு எழுதியிருக்கா, அதைத் தொடாதீங்க” என்று சென்னையில் இருக்கும் மகன் தஞ்சாவூரில் இருக்கும் தாய்க்குச் சொல்லலாம். நோட்டில் எழுதி வைக்கலாம். புரியாத சொல்லை அகராதியில் தேடலாம், பேரனிடம் கேட்கலாம். படத்தை எப்படிப் போனில் சொல்வது? “பெட்டி மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள அம்பு மாதிரி” என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கத்திலிருந்து “இங்க மூணு பெட்டி இருக்கே” என்று பதில் வரும். வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த உரையாடல் தெரியும். சொல்லை எடுத்துவிட்டுப் படத்தை வைப்பவர்கள், ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கும் வழியையே அடைக்கிறார்கள். தோற்றத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றட்டும். பொத்தானில் எழுத்தை முதலில் வைத்து, படம் வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளும்படி விடட்டும். இப்போது தலைகீழாக இருக்கிறது. பழகிய இளைஞர்களுக்குத் தேவையானது முன்னால் நிற்கிறது. தடுமாறுகிறவருக்குத் தேவையானது செட்டிங்ஸில் பாதிக்குக் கீழே ஒளிந்திருக்கிறது.

உங்கள் பயத்துக்கும் மருந்து சொல்கிறேன். ஆர்க்கைவை அழுத்தினால் எதுவும் அழியாது, இடது பக்கம் ‘மோர்’ தட்டி ‘ஆல் மெயில்’ பாருங்கள். டெலீட் அழுத்தினாலும் 30 நாள் டிராஷில் கிடக்கும். கைதவறி அனுப்பிவிட்டால் திரும்பப் பெற, ஜெனரலில் ‘அண்டூ செண்ட்’ நேரத்தை 30 விநாடியாக வையுங்கள், 5 விநாடி யாருக்கும் போதாது. போன் ஆப்பில் பொத்தானை எழுத்தாக்க வழியில்லை. ஆனால் விரலால் ஓரத்துக்குத் தள்ளினால் மெயில் மறைகிறதே, அதை நிறுத்தலாம்: ஆப் செட்டிங்ஸில் ‘ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ்’, இரண்டு பக்கமும் ‘நன்’.

பழைய தோற்றம் தரும் எக்ஸ்டென்ஷன் ஒன்று பார்த்தேன். போடலாமா? (ஒரு வாசகர், சேலம்)

வேண்டாம். அந்தப் பக்கத்தின் தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் அந்தப் பக்கத்தைப் படிக்கும் அனுமதி அதற்கு வேண்டும். உங்கள் மெயில் அத்தனையையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பதற்கு அது சமம். இன்று நல்லவரிடம் இருக்கும் எக்ஸ்டென்ஷன் நாளை விலைக்குப் போய்க் கைமாறலாம்.

நேர்முகத் தேர்வுக் கடிதம் ‘புரமோஷன்ஸ்’ தாவலில் கிடந்தது. தேதி தாண்டியபிறகுதான் பார்த்தேன். (ஒரு பட்டதாரி, விருதுநகர்)

மிகவும் வருத்தமாக இருக்கிறது. மெயில்களைத் தானாகவே வகை பிரித்துப் போடும் இந்தத் தாவல்கள் 2013 மே மாதம் வந்தபோதே நான் சொன்னது: வேலை தேடுகிறவர்களுக்கும், கல்லூரி விண்ணப்பம் போட்டிருப்பவர்களுக்கும் இது ஆகாது. செட்டிங்ஸில் ‘இன்பாக்ஸ்’ பகுதிக்குப் போய், ‘பிரைமரி’ தவிர மற்ற எல்லா டிக்கையும் எடுத்து, சேவ் சேஞ்சஸ் அழுத்துங்கள். விளம்பரங்களும் உள்ளே வரும், வரட்டும். வேலை கிடைக்கும்வரை தினமும் ஸ்பேமையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

தாவல் பிடிக்கும் என்கிறவர்கள், தப்பான இடத்தில் விழுந்த மெயிலை மவுஸால் இழுத்து பிரைமரியில் போடுங்கள். “இனி இவரிடமிருந்து வருவதை எல்லாம் இப்படியே செய்யவா?” என்று கேட்கும், ‘எஸ்’ அழுத்துங்கள்.

புதிய பதிப்புக்கு 48 மணி நேரத்துக்குள் மாறாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று மெயில் வந்தது. லிங்கை அழுத்தி பாஸ்வேர்டு கொடுத்துவிட்டேன். அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. சரிதானே? (ஒரு வாசகர், திருப்பூர்)

சரியில்லை. இதைப் படித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். தோற்றம் மாற்றுவதற்கு எந்த மெயில் சேவையும் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்காது. அவர்களாகவே மாற்றிவிடுவார்கள், நம் புகாரே அதுதானே. ஊரெல்லாம் “மெயில் மாறப்போகிறது” என்று பேசும் நேரம் பார்த்துத்தான் இந்தத் திருடர்கள் வலை வீசுகிறார்கள்.

பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’ பகுதியில் தெரியாத முகவரி ஏதும் இருக்கிறதா பாருங்கள். ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் நீங்கள் போடாத விதி இருக்கிறதா பாருங்கள். பேங்க் மெயில்களை உங்கள் கண்ணில் படாமல் ஒதுக்கும் விதியை வைத்துவிட்டுப் போவது இவர்கள் வழக்கம். இன்பாக்ஸின் அடியில் வலது ஓரத்தில் ‘டீடெய்ல்ஸ்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், அங்கே கடைசியாக எப்போது, எங்கிருந்து திறக்கப்பட்டது என்று தெரியும். அறியாத கருவிகளை எல்லாம் சைன் அவுட் செய்யுங்கள். பிறகு, பாஸ்வேர்டோடு இரண்டாவதாக இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்றுங்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் பழைய கணினி, மெதுவான இணைப்பு. ‘பேசிக் எச்டிஎம்எல்’ என்ற எளிய வியூவில்தான் ஜிமெயில் பார்த்து வந்தோம். அது இப்போது வருவதில்லை. யூடியூபில் சொன்ன முகவரிகளைப் போட்டும் பயனில்லை. (ஒரு நூலகர், தேனி மாவட்டம்)

பயன் இருக்காது. 2024 தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். இனி எந்த முகவரியைத் தட்டினாலும் முழுப் பக்கத்துக்கே போகும். ஜிமெயில் திறக்கும்போது வலது கீழ் மூலையில் தெரிந்த அந்த ஒரு வரி இணைப்பு, கிராமத்து பிஎஸ்என்எல் லைனில் எத்தனை பேருக்குக் கைகொடுத்தது என்று எனக்குத் தெரியும். ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கும் பார்வையற்ற நண்பர்களில் பலருக்கும் அதுதான் பிடித்த வழி. எடுத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் சொந்த மெயிலுக்கு, பிரவுசர் இல்லாமலே மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளைப் போடுங்கள், இலவசம். கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் லாகின் ஜன்னல் தானாகத் திறக்கும். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கும் பழைய மென்பொருள்களுக்கு 2022 மே மாதத்தோடு கதவை அடைத்துவிட்டார்கள், அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். கடிதங்களை ஜிமெயிலிலேயே வைத்தபடி கணினியில் காட்டும் ஐமேப் முறையைத் தேர்ந்தெடுங்கள். ‘சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்’ பகுதியில் கடைசி 30 நாள் மட்டும் போதும் என்று வையுங்கள். ஜிமெயில் செட்டிங்ஸில் ‘லேபிள்ஸ்’ போய், ஆல் மெயிலுக்கு எதிரே ‘ஷோ இன் ஐமேப்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கடிதம் இரண்டு தடவை இறங்கும். தண்டர்பேர்டும் 2023-இல் தோற்றம் மாறியது. ஆனால் பட்டியலின் தலையில் உள்ள பொத்தானில் ‘டேபிள் வியூ’ போட்டால் பழைய வரிசை அப்படியே வந்துவிடும்.

நூலகக் கணினியில் வந்து போகிறவர்களின் மெயிலை மட்டும் தண்டர்பேர்டில் சேர்க்காதீர்கள். அவர்கள் எழுந்து போனபின்னும் அது அங்கேயே இருக்கும்.

வரிகளுக்கு நடுவே இத்தனை இடைவெளி எதற்கு? திரையில் பத்து மெயில்கூடத் தெரியவில்லை. (ஒரு வாசகர், புதுச்சேரி)

பல்சக்கரம், ‘டென்சிட்டி’, ‘காம்பேக்ட்’.

நாம் புகார் எழுதினால் யாராவது படிப்பார்களா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

எழுதுங்கள். 2016 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் விளையாட்டாக, செண்ட் பொத்தானுக்குப் பக்கத்தில் ‘மைக் டிராப்’ என்று இன்னொரு பொத்தானை வைத்தது. அதை அழுத்தினால் மெயிலோடு ஒரு கேலிப் படம் சேர்ந்து போகும். அலுவலக மெயிலில் கைதவறி அழுத்தியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அன்றைக்கே அதை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி, அதில் ‘செண்ட் ஃபீட்பேக்’. “புதுசு நல்லா இல்ல” என்று எழுதாதீர்கள். எந்த வேலையை முன்பு எத்தனை தட்டில் செய்தீர்கள், இப்போது எத்தனை ஆகிறது, உங்கள் வயது, கணினியா போனா, இவ்வளவும் மூன்று வரியில் எழுதுங்கள். தமிழில் எழுதலாம். தஞ்சாவூர் ஆசிரியையின் பொத்தான் விஷயத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் எனக்காகச் செய்த உதவியாக நினைப்பேன்.