மகள் மனிதவளம் படிக்கலாமா? மில் டைம் ஆபீஸில் இருந்த ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

“மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுத ஒருவர், டோக்கன் பலகைக்கு ஒருவர், சம்பளக் கவர் போட இரண்டு பேர் என்று நாங்கள் பார்த்த வேலையை இன்று தொழிலாளியின் கைப்பேசியே பார்த்துவிடுகிறது. பி.காம். முடிக்கப்போகும் என் மகள் மனிதவளம், அதாவது எச்.ஆர்.தான் படிப்பேன் என்கிறாள். அவள் படித்து வருவதற்குள் அந்தத் துறையே இருக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த வேலைக்கு உங்கள் மகளை யாரும் எடுக்கப்போவதில்லை. வருகையைக் கூட்டுவது, விடுப்பைக் கழிப்பது, சம்பளச் சீட்டு தயாரிப்பது எல்லாவற்றையும் கிரேட்எச்ஆர், கேகா, டார்வின்பாக்ஸ், சோஹோ பீப்பிள் போன்ற மென்பொருள்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. தொழிலாளி விடுப்பு கேட்பதும் மேலாளர் அதற்குச் சம்மதிப்பதும் கைப்பேசித் திரையிலேயே முடிந்துவிடுகிறது. இந்த மென்பொருள்களை மட்டும் கற்றுத் தருவதாகச் சொல்லும் சான்றிதழ் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த சில நாட்களில் அது தானாகவே கைக்கு வந்துவிடும்.

ஆனால் அந்தக் கைப்பேசி தப்பாகக் கணக்குப் போடும்போது யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த வேலை கூடிக்கொண்டுதான் போகிறது.

ஒரு சாதாரண நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஆலையைச் சுற்றி வரைபடத்தில் ஓர் எல்லை போட்டிருப்பார்கள். அதற்குள் நின்று கைப்பேசியில் முகத்தைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். தகரக் கூரை போட்ட கிடங்குக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை சரியாக எட்டாது. கைப்பேசி அருகிலுள்ள செல்போன் கோபுரத்தையும் வைஃபையையும் வைத்து இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். உள்ளே நின்று பஞ்சுப் பேல் (பொதி) அடுக்கிக்கொண்டிருப்பவரை ‘எல்லைக்கு வெளியே’ என்று திரை காட்டும். மாதக் கடைசியில் அரை நாள் சம்பளம் பிடித்தம் ஆகியிருக்கும். உங்கள் காலத்தில் அந்தத் தொழிலாளி டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து சத்தம் போட்டிருப்பார். நீங்கள் சூப்பர்வைசரைக் கேட்டு, சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இப்போது அந்த ஜன்னல் கிடையாது. செயலியில் ‘வருகைத் திருத்தம்’ கோர வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் ஆங்கிலத் திரையில் அதைத் தேடிப் பிடித்துக் காரணம் எழுத வேண்டும். அதற்குள் சம்பளக் கணக்கு முடிக்கும் தேதி கடந்துவிடும். பிடித்தம் ஏன் வந்தது என்று கண்டுபிடித்து, அடுத்த சம்பளம்வரை இழுக்காமல் பணத்தைத் திரும்பக் கொடுக்கவைக்கத் தெரிந்த ஆள் எல்லா ஆலையிலும் இருக்கிறாரா என்றால், இல்லை. மூன்று ஷிப்ட் ஓடும் இடங்களில் அப்படிப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இது தனியார் ஆலைகளின் கதை மட்டுமல்ல. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் பணியிடங்களில் கைப்பேசிச் செயலி வழியாகத்தான் வருகை என்றார்கள். நாளுக்கு இரண்டு முறை, இடக்குறிப்போடு படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. முறைகேட்டை ஒழிக்கத்தான் செயலி. நடந்தது என்னவென்றால், ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றினார்கள். வேலைக்குத் தொடர்பே இல்லாத படங்களும் ஏறின. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே இதைப் பட்டியலிட்டு, ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் ஆள் வைத்துச் சரிபார்க்கச் சொன்னது. பதிவேட்டைத் தூக்கிவிட்டுச் செயலி கொண்டுவந்தார்கள். பிறகு செயலியைப் பார்க்க ஆட்களைப் போட்டார்கள். வேடிக்கைதான். உங்கள் பயத்துக்கு இதுவும் ஒரு பதில்.

வருங்கால வைப்பு நிதியிலும் இதே கதைதான். உங்கள் நாட்களில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு சீட்டு வரும். பாதிப் பேர் அதைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 2014-இல் யு.ஏ.என். வந்தது, வேலை மாறினாலும் மாறாத வைப்பு நிதி எண் அது. 2017-இல் அரசுச் சேவைகளுக்கான உமங் செயலி வந்தது. முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டினாரா இல்லையா என்பது இன்று தொழிலாளியின் கையிலேயே தெரிகிறது. “என் கணக்கில் இரண்டு மாதமாக ஏன் வரவில்லை?” என்று கேள்வி நேரே மனிதவளத் துறைக்கு வருகிறது. பதில் சொல்லத் தடுமாறுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு தலைவலியும் உண்டு. ஆலைப் பதிவில் தந்தை பெயர் ஒற்றை எழுத்தாக முன்னால் நிற்கும். ஆதாரில் அதே பெயர் முழுதாகப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும். கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆள். பணம் எடுக்கும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பல நேரங்களில் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து திருத்த உறுதிமொழி கொடுத்தால்தான் வழி பிறக்கும். இன்னொன்று, வீட்டில் ஒரே கைப்பேசி, எண் அண்ணன் பெயரில் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகும். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண் தன் பணத்தைத் தானே எடுக்க முடியாது. இந்தச் சிக்கலை உட்கார்ந்து பொறுமையாக அவிழ்க்க உங்கள் மகளுக்குப் பிடிக்கும் என்றால் அவர் தாராளமாக இந்தத் துறைக்கு வரலாம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நேர்காணல் நடத்துவதுதான் எச்.ஆர். என்று நினைத்திருந்தால் இப்போதே பேசிவிடுங்கள்.

எதைப் படிப்பது? எம்.பி.ஏ.வா, சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வா என்று கேட்டிருந்தீர்கள். உற்பத்தி ஆலைகளை மனத்தில் வைத்திருப்பவருக்கு நான் எம்.எஸ்.டபிள்யூ. அல்லது தொழிலாளர் மேலாண்மை பக்கம்தான் சாய்வேன். காரணம் சட்டம். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் 500 பேர் வேலை செய்யும் ஆலைக்குத் தொழிலாளர் நலனைக் கவனிக்கும் நல அலுவலர் கட்டாயம் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த எண்ணிக்கை 250. அதாவது நடுத்தர ஆலைகளும் இனி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அந்தப் பதவிக்கு எல்லா எம்.பி.ஏ.வும் செல்லுபடியாகும் என்று எண்ணிவிடாதீர்கள். கட்டணம் கட்டும் முன்பே, ‘நல அலுவலர் பதவிக்கு இந்தப் பட்டம் ஏற்கப்படுமா’ என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் கோயம்புத்தூரிலேயே பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. சென்னை எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. கட்டணம் இடித்தால், அரசு நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தைப் பாருங்கள். தொழிலாளர் மேலாண்மையில் எம்.ஏ.வும், வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் தொழிலாளர் சட்டப் பட்டயமும் அங்கு உண்டு. சேர்க்கைக்குப் போகும்போது பாடத்திட்டத்தை வாங்கிப் புரட்டுங்கள். பழைய சட்டங்களோடு மட்டும் நின்றுவிட்ட பாடத்திட்டமாக இருந்தால் புதிய தொகுப்புகளை யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். தொழிலாளியின் முகப் படத்தையும் இருப்பிடத்தையும் சேர்த்து வைக்கும் நிறுவனம் அதைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இதை அறிந்த இளைஞர்கள் ஆலை மனிதவளத் துறையில் அபூர்வம்.

களப்பயிற்சி ஆலைக்குள் இருக்கட்டும். ஆள்சேர்ப்பு நிறுவனங்களில் பயிற்சி எளிதாகக் கிடைக்கும், ஆனால் அங்கே நாள் முழுவதும் கைப்பேசியில் “வேலை மாற விருப்பமா?” என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. அதில் பேச்சு வரும், தொழில் வராது.

இரவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டைம் ஆபீஸைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தால் உங்களுக்கு அன்றைய வேலை முடிந்தது. மகளுக்கு அப்படி முடியாது. இரவு ஷிப்டுக்கு ஆள் குறைந்தால் வாட்ஸ்அப் குழுவில் பதினொரு மணிக்கும் செய்தி விழும். பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை ஏற்காமலிருக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. இங்கே நாடாளுமன்றத்தில், அரசு கொண்டுவராமல் ஓர் உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவாக வந்ததோடு சரி. ஆகவே நேர்காணலில் “இரவு அழைப்புக்கு முறை வைத்திருக்கிறீர்களா, எல்லோரும் எல்லா நாளும் எடுக்க வேண்டுமா?” என்று மகள் கேட்கட்டும். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடம் எப்படிப்பட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

நிறுவனம் தன் செயலியை மகளின் சொந்தக் கைப்பேசியில் போடச் சொன்னால் என்ன செய்வது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘பணிச் சுயவிவரம்’ என்று தனிப் பகுதி அமைக்கலாம். அதிலுள்ள செயலிகளில் சிறு கைப்பெட்டி அடையாளம் இருக்கும். நிறுவனத்தின் கை அந்தப் பகுதிக்குள் மட்டும்தான் நீளும். வேலையை விடும்போது அதை அவர்கள் அழித்தாலும் வீட்டுப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. தனிப் பகுதி இல்லாமல் செயலியை நேரடியாகப் போடச் சொன்னால், இருப்பிட அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று வைக்கச் சொல்லுங்கள். ‘எப்போதும்’ வேண்டும் என்று வற்புறுத்தினால் நிறுவனமே ஒரு கைப்பேசி தரட்டும். யு.ஏ.என். கணக்கில் மகளின் சொந்த எண்ணைத்தான் இணைக்க வேண்டும். அலுவலகம் தந்த எண்ணை இணைத்துவிட்டு, வேலை மாறியபின் ஓ.டி.பி.க்காகப் பழைய நிறுவனத்தின் வாசலில் நிற்பவர்கள் இன்றும் என்னிடம் வருகிறார்கள்.