அதாதுர்க் துருக்கியில் உண்மையில் எதை மாற்றினார்?

முஸ்தபா கெமால் அதாதுர்க்கை நவீன துருக்கியின் சிற்பி என்கிறார்களே, அப்படி என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1881இல் சலோனிகாவில் பிறந்த ராணுவ அதிகாரி. 1915 கலிப்பொலிப் போரில் பெயரெடுத்தவர். முதல் உலகப்போரில் தோற்ற ஒட்டோமான் பேரரசை வென்றவர்கள் கூறுபோட முனைந்தபோது, 1919 மே 19 அன்று சாம்சுன் துறைமுகத்தில் இறங்கி எதிர்ப்பைத் திரட்டினார். 1923 அக்டோபர் 29இல் குடியரசு பிறந்தது. அவரே முதல் அதிபர். அடுத்த ஆண்டே, உலக முஸ்லிம்களின் தலைமைப் பதவியாகக் கருதப்பட்ட கிலாபத் ஒழிக்கப்பட்டது. இந்தியாவில் காந்தியும் அலி சகோதரர்களும் எதைக் காக்கப் போராடினார்களோ, அதே கிலாபத்!

என்னைக் கேட்டால், அவருடைய ஆகப்பெரிய துணிச்சல் 1928இன் எழுத்துச் சீர்திருத்தம்தான். அரபு எழுத்தை விட்டு, லத்தீன் அடிப்படையிலான 29 எழுத்துகளுக்கு நாடே மாறியது. கரும்பலகை முன்னால் நின்று அவரே மக்களுக்குப் புதிய எழுத்துகளைக் காட்டும் புகைப்படம் துருக்கியில் மிகப் பிரபலம். படிப்பறிவு பெருகியது. ஆனால் புது எழுத்தில் மட்டுமே படித்த பிள்ளைகளால் தாத்தா எழுதிய கடிதத்தை வாசிக்க முடியவில்லை. அந்த இழப்பையும் சொல்லத்தான் வேண்டும்.

1934இல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் பெண்களுக்கு உரிமை கிடைத்தது. பிரான்ஸில் அது 1944இல்தான் வந்தது.

மறுபக்கமும் உண்டு. நடந்தது ஒரு கட்சி ஆட்சி. 1925இல் குர்துக் கிளர்ச்சி இரும்புக்கரத்தால் ஒடுக்கப்பட்டது. 1937-38இல் நாட்டின் கிழக்கிலுள்ள தெர்சிம் பகுதியில் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அவரைக் கொண்டாடுபவர்கள் இதை மறைப்பது நியாயமல்ல.

1938 நவம்பர் 10இல் இறந்தார். மசூதியாக இருந்து அவர் காலத்தில் அருங்காட்சியகமான இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா, 2020இல் மீண்டும் மசூதியானது. மதத்துக்கும் அரசுக்கும் நடுவே அவர் போட்ட கோட்டைப் பற்றிய சண்டை அங்கே இன்றும் ஓயவில்லை.