45 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்தும் காற்றுக் கிரேவர் (உலோகத்தில் கோடு செதுக்கும், காற்றால் இயங்கும் உளி) வழுக்குகிறது, முனை உடைகிறது. புதிதாகக் கற்பவர் எதைச் சரிசெய்ய வேண்டும்?

கம்ப்ரஸர், கன்ட்ரோல் பெட்டி, ஹேண்ட்பீஸ் (கைப்பிடி), கால் பெடல் எல்லாம் வாங்கிவிட்டு, முனையைக் கோணம் மாறாமல் சாணை பிடிக்க உதவும் ஃபிக்ஸ்சரை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். கேள்வியில் காற்றழுத்தத்தின் அளவு இருக்கிறது. முனையின் கோணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

45 பி.எஸ்.ஐ. போதும், அதைக் கூட்டாதீர்கள். ஹேண்ட்பீஸுக்குள் ஒரு சின்ன பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி, கிரேவர் பொருத்திய முன்பகுதியைத் தட்டுகிறது. உள்ளங்கை கொடுக்க வேண்டிய தள்ளுவிசையை அந்தத் தட்டல் கொடுக்கிறது. வெட்டுவது முனையின் வடிவம்தான். ஜி.ஆர்.எஸ். நிறுவனத்தின் கிரேவர்மாக் கருவி ஆனாலும், லிண்ட்சேயின் ஏர்கிரேவர் ஆனாலும், விலை குறைந்த சீனப் பெட்டி ஆனாலும் இதில் மாற்றமில்லை. மொட்டை முனையோடு காற்றைக் கூட்டினால் இன்னும் வேகமாக வழுக்கும்.

முனையில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது முகம், அதாவது முன்பக்கம் சரிவாகத் தேய்த்த பரப்பு. செம்பு, வெள்ளிக்கு 45 டிகிரி சரி. இரும்புக்கு 50, கெட்டியான எஃகுக்கு 55 வரை போகலாம். இரண்டாவது, முனையின் V வடிவத்தின் விரிவு. தொடக்கத்துக்கு 120 டிகிரி. மூன்றாவதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம்: அடிப்பக்கத்தில் முனையை ஒட்டித் தேய்க்கும் இரண்டு குட்டிப் பரப்புகள், ஹீல் என்பார்கள். தட்டையான தகட்டுக்கு 15 முதல் 20 டிகிரி. நீளம் 0.2 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது நீண்டுவிட்டால் நேர்கோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில் திரும்பும்போது ஹீலின் பின்முனை வெட்டின் வெளிச்சுவரில் உரசி, பிசிறையும் கீறலையும் விட்டுப்போகும். "என் வளைவுக்கு வெளிப்பக்கம் மட்டும் கிழிந்தாற்போல் இருக்கிறது" என்று கேட்பவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டு பக்க ஹீலும் சமமாக இல்லையென்றால் கோடு ஒரு பக்கமாக இழுக்கும்.

கிரேவராகப்போகும் 3/32 அங்குல (சுமார் 2.4 மி.மீ.) சதுரக் கார்பைடு கம்பியை ஃபிக்ஸ்சரில் பூட்டுங்கள்; கார்பைடு மிகக் கெட்டி, ஆனால் எளிதில் நொறுங்கும். 600 கிரிட் (எண் கூடக் கூட நைசு) வைரத் தட்டில் முகத்தின் வடிவத்தை எடுத்து, 1200-இல் கீறல்களை நீக்குங்கள். தட்டில் தண்ணீர் இருக்கட்டும், கார்பைடுத் தூள் மூச்சில் போகக்கூடாது. ஹீலை 600-இல் தொடவே தொடாதீர்கள். 1200-இல் பக்கத்துக்கு இரண்டு மூன்று இழுப்பு போதும். கடைசியாக செராமிக் தட்டில் அரை மைக்ரான் வைரத் தூள் தெளித்து ஹீலை மெருகேற்றுங்கள். வெட்டின் பளபளப்பு இந்த மெருகிலிருந்துதான் வருகிறது. பிறகு முனையைக் கட்டைவிரல் நகத்தில் எடை கொடுக்காமல் வைத்து நகர்த்திப் பாருங்கள். கவ்வினால் கூர் இருக்கிறது, சறுக்கினால் இல்லை. 10 மடங்கு லென்ஸில் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே உடைந்து தட்டையாகிவிட்டது என்று அர்த்தம்.

வழுக்கலுக்கு முனை மொட்டையாவதை விட்டால் இன்னொரு முக்கியக் காரணம் உண்டு: கையைத் தாழ்த்திவிடுவது. ஹீல் 15 டிகிரி என்றால் கிரேவர் தகட்டோடு 15-க்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் முனை மேலே ஏறி ஓடிவிடும். மிகவும் உயர்த்தினால் உள்ளே பாய்ந்து சிக்கும். ஆழத்தைக் கூட்டக் குறைக்க மணிக்கட்டை இம்மி அளவு உயர்த்தித் தாழ்த்தினால் போதும், காற்றைக் கூட்ட வேண்டியதில்லை. இடது கை விரல்கள் எப்போதும் முனை போகும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம், உடைந்த கார்பைடுத் துணுக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பறக்கும்.

முனை உடைவது பெரும்பாலும் வெட்டி முடிக்கும் இடத்தில். சில்லு பிய்ந்து வரவில்லை என்று கிரேவரை நெம்புகோல் போல மேலே தூக்குகிறீர்கள், கார்பைடு அதைத் தாங்காது. கையை மெல்லத் தாழ்த்தி, வெட்டை ஆழம் குறைந்து முடியவிடுங்கள். உடைந்த துணுக்கு பள்ளத்திலேயே புதைந்திருக்கும். அதே கோட்டில் புது முனையோடு போனால் அதுவும் உடையும். பழைய கார்பைடு முனையால் அதைக் கிளறி எடுத்த பிறகுதான் மேலே போக வேண்டும். எஃகுக்குக் கார்பைடு, செம்புக்கும் வெள்ளிக்கும் ஹைஸ்பீடு அல்லது கோபால்ட் ஸ்டீல் என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதி உடைப்பு நிற்கும்.

120 டிகிரி ஏன் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். 90 டிகிரி முனையில் கோட்டின் அகலம் ஆழத்தைப் போல 2 மடங்கு. 120-இல் ஏறக்குறைய 3.5 மடங்கு. 0.35 மி.மீ. அகலக் கோட்டுக்கு 90-இல் 0.175 ஆழம் போக வேண்டும், 120-இல் 0.1 போதும். அகற்றும் உலோகம் குறைவு, முனைக்குச் சுமையும் குறைவு. ஆனால் கை சற்றே ஆடினாலும் அகலத்தில் பளிச்சென்று தெரியும். அதனால் 90-தான் நல்லது என்பவர்கள் உண்டு. சன்னமான எழுத்துக்கு அவர்கள் சொல்வது சரி. கற்கும்போது ஆட்டம் கண்ணில் பட வேண்டும் என்பது என் கட்சி.

எவர்சில்வர் தகட்டில் பழகாதீர்கள். வெட்ட வெட்ட இறுகும் உலோகம் அது, ஒரே இடத்தில் இரண்டு முறை போனால் முனையைத் தின்றுவிடும். பாத்திரக் கடையில் அதில்தானே பெயர் வெட்டுகிறார்கள் என்று கேட்கலாம். அது அதிரும் ஊசியால் புள்ளி குத்துவது, சில்லு எடுப்பதில்லை. உங்களுக்குத் தேவை 1.5 அல்லது 2 மி.மீ. கனமுள்ள, குளிர்நிலையில் உருட்டிய (கோல்ட் ரோல்டு) மைல்டு ஸ்டீல். உள்ளங்கை அளவில் துண்டுபோட்டு, 400, பிறகு 600 உப்புத்தாளில் ஒரே திசையில் தேயுங்கள். துத்தநாக முலாம் பூசியது வேண்டாம். செம்பு மெத்தென்று முனையில் ஒட்டும், கைக்குத் தவறான பழக்கத்தைக் கொடுக்கும்.

காற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்த அழுத்தம் என்பதில் உங்கள் பெட்டியின் கையேடு சொல்வதே முடிவு. பெட்டிக்கு முன்னால் ஃபில்டரும் ரெகுலேட்டரும் இருக்கட்டும். காற்று டிரில்லுக்குப் போடும் எண்ணெய் விடும் லூப்ரிகேட்டர் கூடவே கூடாது, பிஸ்டன் பிசுக்கேறி நின்றுவிடும். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, அதிலும் கடலோரத்தில், டேங்கின் அடித் திருகைத் தினமும் திறந்து தண்ணீரை இறக்குங்கள். பிஸ்டன் திக்கினால் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சுத்தியலும் உளியும் பிடித்துப் பழகாமல் காற்றுக்கு வந்தால் கை வராது என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள். பழகினால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கற்றதிலும் முதல் பாடம் சாணைதான். ஃபைபர் லேசர் இருக்க இது எதற்கு என்போரும் வருவார்கள். லேசர் உலோகத்தைச் சுட்டு எடுக்கிறது. கிரேவர் விடும் சரிந்த, மெருகான சுவரில் ஒளி திரும்பும் விதம் அதில் வராது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நகைக் கடை பில்லில் செதுக்கு வேலையின் கூலி பல நேரம் சேதாரம் என்ற சதவீதத்துக்குள் புதைந்துவிடுகிறது. செதுக்கிய தங்கச் சில்லு சேதமாவதில்லை. பட்டறையில் கூட்டி அள்ளி உருக்கிவிடுகிறார்கள். சேதாரம் வாங்குகிற கடை, மணிக்கணக்கில் குனிந்து கோடு இழுத்தவருக்குக் கிராம் கணக்கில் கூலி பேசுகிறது. கை வேலைக்கு பில்லில் ஒரு தனி வரி வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பயிற்சிக்கு வருவோம். தகட்டில் போஸ்டர் வெள்ளையை விரலால் மெல்லிசாகத் தடவி, பென்சிலில் 1 மி.மீ. இடைவெளியில் கோடுகள் இழுங்கள். பெடலை மிதித்ததும் மெல்லிய டிக்டிக் கேட்கும் அளவுக்குக் காற்றைக் குறைத்து வையுங்கள். ஒரே அகலத்தில் நேர்கோடுகள் வந்த பிறகு, சன்னமாகத் தொடங்கி அகன்று மீண்டும் சன்னமாகும் கோடுகள். அப்புறம் வட்டம், அப்புறம் சுருள். வளைவில் வலது கையை நகர்த்தாதீர்கள். அது நின்ற இடத்தில் நிற்க, இடது கை பால் வைஸை (தகட்டைக் கவ்வி, உருண்டை அடியில் சுழலும் பிடிப்பான்) சுழற்றித் தகட்டை முனைக்குள் ஊட்ட வேண்டும். பால் வைஸ் இல்லையென்றால் அரக்குக் கட்டையில் தகட்டை ஒட்டி, மணல் நிரப்பிய தோல் பையின் மேல் வைத்துச் சுழற்றலாம். சுருள் ஒழுங்காக வரும்வரை இலை, பூ, எழுத்து எதற்கும் போக வேண்டாம். நடுவில் கோட்டின் ஓரம் மங்கினால் உடனே நிறுத்தி, ஹீலை மட்டும் செராமிக்கில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தொடருங்கள்.